மறுத்துச் சொல்ல ஆளில்லாத காலை

அன்புள்ள யாக்கூப் காக்கா,

சுபஹு தொழுதுவிட்டு இன்றும் உங்கள் கடைப் பக்கமாகத்தான் வந்தேன். கதவு பூட்டிக் கிடக்கிறது. வாசலில் இரண்டு கழுதைகள் படுத்திருந்தன. முன்பெல்லாம் அந்த நேரத்தில் நீங்கள் உள்ளே கதிரையில் இருந்து, உடம்பை அசைத்து அசைத்து, உங்கள் வேதத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

முத்துக்குளிப்புக் காலத்தில் முத்து வாங்கக் கொச்சியிலிருந்து வந்த யூதர்களில் நீங்கள் ஒருவர்தான் மன்னாரிலேயே தங்கிவிட்டீர்கள். பக்கத்துத் துணிக்கடை என்னுடையது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"தம்பி, கொஞ்சம் வந்து இருங்கோ. எங்கட ஆக்கள் தனிய இருந்து படிக்கிறேல்ல. முன்னுக்கு ஒராள் இருந்து, அது பிழையெண்டு சொல்ல வேணும்."

"எனக்கு உங்கட பாஷை தெரியாதே காக்கா."

"நான் தமிழில சொல்லுறன். நீங்கள் மறுத்துச் சொன்னாக் காணும், அது போதும்."

அப்படித்தான் தொடங்கியது. கடை திறக்க முன்னர் நாளும் சில வரிகள். இறைவனோடு பேசிய மூஸா நபி, தனக்குப் பேச வராது என்று ஏன் சொன்னார்? அதை வைத்தே ஒரு கிழமை வாதாடினோம்.

பிறகு இப்ராஹீம் நபியின் கதை வந்தது. அவர் பலியிடக் கொண்டுபோன மகன் ஈசாக்கு என்று வாசித்தீர்கள். மூத்த மகன் இஸ்மாயில் என்றுதான் நான் கேட்டு வளர்ந்தேன். "உங்கட வேதக் கிதாபை மாத்திப்போட்டாங்கள்" என்று கத்திவிட்டு எழுந்து போனேன். ஹஜ்ஜுப் பெருநாளன்றும் உங்களை எட்டிப் பார்க்கவில்லை.

என்னைவிட மூத்தவர், படித்தவர், அண்ணன் முறை வைத்து நான் காக்கா என்று கூப்பிடுகிறவர். நீங்கள்தான் என் கடைக்கு வந்தீர்கள். துணிப்பொதியின் மேல் இருந்துகொண்டு, "நான் சொல்ல வரேல்ல, கேக்க வந்தனான். இஸ்மாயிலின்ட கதையை முதலிலயிருந்து சொல்லுங்கோ" என்றீர்கள். சொன்னேன். ஓரிடத்திலும் குறுக்கிடவில்லை.

அடுத்த நாள் காலை உங்கள் பக்க வாதத்தை நீங்கள் எடுக்கவேயில்லை. முதலில் என் பக்கத்தைச் சொன்னீர்கள். தாகத்தில் துடிக்கும் பிள்ளை இஸ்மாயிலுக்காக அன்னை ஹாஜரா தண்ணீர் தேடி ஓடிய ஓட்டத்தை நீங்கள் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

"சரியாச் சொன்னனானோ தம்பி?"

"ஓம் காக்கா. என்னைவிட நல்லாச் சொன்னனீங்கள்."

"அப்ப, இனி என்ட பக்கத்தைச் சொல்லட்டோ?"

கடைசிவரை நீங்களும் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு காலையும் நான் வராமல் இருந்ததில்லை.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோது உங்கள் ஆட்கள் ஒருவரும் இங்கே இல்லை. கொச்சிக்குச் செய்தி போய் அவர்கள் வரும்வரை உடலை வைத்திருக்கவும் வழியில்லை. கீரிக் கடற்கரையில் என் பனங்காணிக்குள்ளேயே அடக்கம் செய்தோம். உங்கள் மொழியில் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அலைச் சத்தத்தில் சும்மா நின்றேன். அது காணுமா, காக்கா?

பிறகு கொச்சியிலிருந்து உங்கள் மருமகன் வந்து உங்கள் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கும் தாடி நரைத்துவிட்டது. பள்ளிவாசலில் நிர்வாகம் பார்க்கும் மரைக்காயராக இருக்கச் சொன்னார்கள், இருக்கிறேன். நான் எதைச் சொன்னாலும் எல்லாரும் "ஓம் முதலாளி" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பாழ்வீட்டில் தனியே நிற்பதுபோல இருக்கிறது. நான் சொல்வது சரியா பிழையா என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒருத்தி மட்டும் மறுத்திருக்கிறாள். என் மகள் ஸபியா. முசலியில் நான் பேசி வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறேன். ஏன் வேண்டாம் என்று இன்னும் கேட்கவில்லை.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு இருத்திக் கேட்பேன். அவள் முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டேன். பிறகு, அவள் பக்கத்தை அவளிடமே நான் சொல்லிக் காட்டுவேன். அவள் "ஓம் வாப்பா, அதுதான்" என்று சொன்ன பிறகுதான் என் பேச்சு. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு ஒத்துப்போகாத தம்பி,
மீராசாகிபு