பக்கத்து சீட்டில் ஆள் இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் ஜாஸ்தி என்றாய், பயலுக்குக் காதை மூடிவிடு.

போனில் நீ என்னைப் பேசவிட்டால்தானே, அதனால்தான் எழுதுகிறேன். நான் காரால் இடித்துத் தள்ளினேனே, தையல்காரம்மாவின் மகள், அவளுக்குக் காலில் ஆபரேஷன் முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய் வந்தேன். கம்பி வைத்திருக்கிறார்கள், நடப்பாளாம், ஆனால் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பாளாம். பதினாறு வயதுப் பெண், என்னைப் பார்த்ததும் கார் ரொம்ப அடிபட்டுடுச்சா தாத்தா என்று கேட்டாள். தெருவே என் பக்கம்தான் பேசுகிறது. லைசென்ஸ் இல்லாத பிள்ளையிடம் ஸ்கூட்டரைக் கொடுத்துத் துணி கொண்டுபோகச் சொன்னாளே என்று மருந்துக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லோரும் அந்தத் தாயைக் கரித்துக்கொட்டுகிறார்கள். நீயும் அதையேதான் சொன்னாய், அவ மேலதாம்ப்பா தப்பு, நீங்க வாயத் தொறக்காதீங்க என்று. சந்திலிருந்து அந்தப் பெண் வேகமாக வந்தது உண்மை. இரண்டு பக்கமும் பையை மாட்டிக்கொண்டு பிரேக் பிடிக்கத் தெரியாமல் திணறியதும் உண்மை. அந்த வயதில் நீ கார்ச் சாவி கேட்டபோது நான் எப்படிக் குதித்தேன்! இந்த எழுபத்தெட்டு வயதில் என்னிடம் யாராவது அப்படிக் குதித்திருக்க வேண்டும்.

உங்கம்மா இருந்தவரை பக்கத்து சீட்டில் தொணதொணத்துக்கொண்டே வருவாளே, ஞாபகம் இருக்கிறதா. செவப்பு விழுந்துடுச்சு, எடது பக்கம் சைக்கிள், பாத்துங்க ஆள் வருது. வண்டி ஓட்றது நீயா நானா என்று எரிந்து விழுவேன், அவள் சிரித்துவிட்டு அடுத்த சைக்கிளைச் சொல்வாள். மகராசி, என் கண் மங்கிப்போனது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அவள் போன பிறகு கார் மூடியே கிடந்தது, அன்றைக்கு மாத்திரை வாங்கத்தான் எடுத்தேன். சந்து முனையில் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தேன் கண்ணு. ஆள் வருது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் யாரும் வரவில்லை என்று போய்விட்டேன்.

இதைத்தான் இன்று காலை போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வந்தேன். நான் சும்மா இருந்தால் பழி முழுக்க அந்தத் தாய் தலையில்தான் விழும். எழுதிக்கொண்டவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, பெரியவரே யோசிச்சுதான் சொல்றீங்களா என்றார். உனக்குக் கோபம் வரும், வரட்டும், நாலு நாள் பேசாமல் இரு, அப்புறம் பேசு. காரை விற்க ஆள் பார்த்தாயிற்று. இனி நீ ஊருக்கு வரும்போது அழைத்துப்போக அப்பா வர மாட்டேன், டாக்ஸி பிடித்து வா, வாசலில் நிற்கிறேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே. நீ வண்டி ஓட்டும்போது மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொன்னால் எரிந்து விழாதே, கேட்டுக்கொள்.

உன் அப்பா