கிணறு யார் பக்கம்

பாய், இன்று காலை பாதாளச் சாக்கடைக்காக என் வாசற்படியை உடைத்தார்கள். தோண்டத் தோண்டப் பாசி நாற்றம். அப்புறம் வட்டமாய்ச் செங்கல் வரிசை, அதன் நடுவே துருப்பிடித்த ஒரு குழாய். "பழைய கெணறு சார். மூச்சு வுட கொயா நட்டு மூடிக்கீறாங்க" என்றார் தோண்டியவர். கிணற்றின் பாதி என் முன்னறைக்கு அடியில் போகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் வீடு வாங்கிக்கொண்டு நம் தெருவுக்கு வந்தவன் நான். நீங்கள் அங்கேயே பிறந்தவர். எனக்கு எதிரே உங்கள் சைக்கிள் கடை. நம் தெரு ஏரிக்குப் போகும் வண்டிப்பாதையாக இருந்தது, ஸ்டேஷன் பக்கம் நடமாட்டம் கூடியதும் வீடுகள் முளைத்தது, ஊர்க் கிணற்றை மூடியது எல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். கிணற்றுக்கு மூச்சு முட்டக் கூடாதென்று அந்தக் குழாயை நட்டதே நீங்கள்தான். அந்தக் கதையை எத்தனை முறை அளந்திருப்பீர்கள்! தெருவில் எந்தப் பக்கம் என்று மட்டும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

தொண்ணூறுகளில் தெருவை அகலப்படுத்த வந்தார்கள். தெரு குறுகும் இடத்தில் எதிரெதிரே இருந்தவை உங்கள் கடையும் என் வீடும்தான். கிணறு இருந்த பக்கம் பொது நிலம், அதைத்தான் இடிப்போம், தெருவின் பழைய விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார் அளக்க வந்தவர். மற்றவர்களும் என்னைப்போலப் பின்னால் வந்தவர்கள். பாய் சொன்னால் சரி என்றுவிட்டார்கள்.

என் எழுத்து அழகாம், பேனா என் கைக்கு வந்தது. கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டேன். நீங்கள் என் வீட்டு ஜன்னலைப் பார்த்தீர்கள். பக்கவாதத்தில் விழுந்த என் அப்பா முன்னறைக் கட்டிலில் படுத்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கட பக்கம்தான் சார். அப்டியே எழுதிக்க" என்றீர்கள்.

எழுதினேன். உங்கள் கடையில் பாதி போனது.

மறந்துவிட்டீர்களா பாய்? தன் கையால் குழாய் நட்டவருக்கு இடம் மறக்குமா? மறக்கலாம், எனக்கே நேற்று என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. இல்லை, இரண்டு கிணறுகள் இருந்தனவா? அப்பாவுக்காகத்தான் செய்தீர்கள் என்றால், பிறகாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? காலையிலிருந்து மாற்றி மாற்றி யோசிக்கிறேன், ஒன்றும் பிடிபடவில்லை. உங்கள்மேல் கோபமாகக்கூட வருகிறது.

கடை சுருங்கியபின் வெளியே வெயிலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டினீர்கள். உங்கள் சைக்கிள்கள் என் வாசலை அடைக்கின்றன என்று ஒருநாள் நாலு பேர் எதிரில் கத்தினேன். பாதிக் கடைக்கு முழுத்தெருவும் வேண்டுமா என்றுகூடக் கேட்டேன், பாவி. நீங்கள் எழுந்து ஒவ்வொன்றாய் நகர்த்தி வைத்தீர்கள்.

நீங்கள் போய்ப் பல வருடமாகிவிட்டது. இனி யாரிடம் கேட்பது? மறந்துபோய்த்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று மனசு வேண்டிக்கொள்கிறது. அப்படி வேண்டிக்கொள்வது உங்களுக்காக இல்லை பாய், எனக்காக.