பேச்சுத் தேர்வுக்கு முன்னால் ஒரு பதில்

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் இருமல் நின்றதா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை என்பதைத் தவிர. இதை எழுத ஆரம்பித்தபிறகே இரண்டு முறை எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு. இதில் தேறினால்தான் உங்களிடம் வர விசா. போன தடவை வாயடைத்து நின்றேன் அல்லவா, இந்தத் தடவை வகுப்பு ஆசிரியை என்னை விடுவதாக இல்லை. தெரிந்த வேலையில் எப்படி முன்னேறுகிறாய் என்று கேட்பார்களாம். பெரிய சொல்லெல்லாம் வேண்டாம், அங்கே சாதாரணமாகப் பேசுவதே போதும் என்கிறார். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டால் 'பிக் அப்'. விட்டுப்போனதைத் தூசி தட்டினால் 'பிரஷ் அப்'. கை பழகிவிட்டால் 'கெட் த ஹேங் ஆஃப்'. பாத்திரம் துலக்கும்போதும் இதையே முணுமுணுக்கிறேன். மாடிவீட்டு அக்கா எனக்கு என்ன ஆச்சு என்று பயந்துபோய்க் கேட்டாள்.

நேற்று என் முறை. தையலை அண்ணியிடம் பிக் அப் செய்தது, காலர் வைப்பதை பிரஷ் அப் செய்வது, ஜிப் தைக்க ஹேங் கிடைத்தது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆசிரியைக்குப் பரம திருப்தி. இன்னும் எதில் தேற வேண்டும் என்று கேட்டார். பட்டென்று 'வெயிட்டிங்' என்றேன். வகுப்பே சிரித்தது. காத்திருப்பதெல்லாம் வேலையில் சேராது, வேறு சொல் என்றார். பட்டன் துளை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கோபம் அவர்மேல் இல்லை. ஞாயிறன்று போனில் தேர்வுத் தேதியைச் சொன்னதும், அவசரமில்லை, அடுத்த தடவை எழுதிக்கலாமே என்றீர்கள். போன தடவையும் இதையேதான் சொன்னீர்கள். அறை சின்னது, குளிர் உனக்கு ஒத்துக்காது என்று வேறு. எப்போது வருவாய், எப்போது வருவாய் என்று என்னை நச்சரித்த மனிதர்தானா நீங்கள்? அன்றிலிருந்து மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. நான் வேலைசெய்யும் தையல் கடையில் துணியை மாற்றிப் போட்டு, சட்டையின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைத்தேன். முதலாளி முறைத்தார்.

போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். பேச்சுத் தேர்வுக்கு நான் பயப்படவில்லை. தேறிவிட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ என்றுதான் பயம்.

அதற்குமுன் ஒரு பதில் போடுங்கள். வா என்றால் ஓடி வருகிறேன். வேண்டாம் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். அவசரமில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி