விட்டுப்போன அடுக்கு

ஜூன் 4

அக்காவுக்கு,

நலம். குட்டிக்குச் சளி விட்டுச்சா? அவளுக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கேன்.

இங்க வேலைதான். செவ்வாய் கிரகத்துல எங்க வண்டி ஒரு பாறைச் சரிவுகிட்ட நிக்குது. அடுக்கடுக்கா இருக்கு. அடியில இருக்கறது பழசு, மேல வரவர புதுசு. சாயந்தரம் கட்டளை அனுப்பினா மறுநாள் படம் வரும். ஒரு இடத்துல கீழ ஏரிச் சேறு, மேல காத்து கொண்டாந்த மணல், நடுவுல வெறும் கோடு. இடைப்பட்ட காலத்துல படிஞ்சதெல்லாம் அரிச்சுப் போச்சு. விட்டுப்போன அடுக்குன்னு சொல்வோம்.

உங்க தங்கச்சி சாகறதுக்கு முன்னாடி மடிச்சு வெச்ச துணி இன்னும் நாற்காலியிலயே இருக்கு. அதுமேல என் சட்டையா ஏறிக்கிட்டே போகுது.

வேலை முடிஞ்சதும் குட்டியைக் கூட்டிட்டுப் போக வர்றேன்.

உங்க தங்கச்சி வீட்டுக்காரன்

ஜூன் 12

தம்பிக்கு,

சளி எப்பவோ விட்டுடுச்சு. கவுன் தலையிலயே நுழையல. பொம்மைக்கு மாட்டி விட்டிருக்கா.

வேலை முடிஞ்சதும்னு எட்டு மாசமா எழுதறீங்க. "செவ்வாய்ல இருக்கற வண்டியை உக்காந்த இடத்துலருந்து ஓட்டுறவருக்கு, ஆறு மணி நேரம் பஸ்ல வர முடியலையா?"ன்னு உங்க சகலை கேக்கறார். வாயை மூடுங்கன்னேன். ஆனா கேள்வி சரிதான்.

இன்னொரு விஷயம். பெரியம்மான்னு வாய்ல வராம 'பெய்யம்மா'ன்னு கூப்பிட்டுக்கிட்டிருந்தா. நேத்து அந்த 'பெய்'யையும் விட்டுட்டா. வெறும் அம்மா. நான் திருத்தல. என் தங்கச்சி இடத்தைப் பிடுங்கிக்கற மாதிரி இருக்கு. திருத்தலாம்னா அவ மூஞ்சியைப் பாத்து வாய் வரல.

நீங்கதான் சொல்லணும். இன்னும் தள்ளிப் போட்டா உங்களையே யாருன்னு கேப்பா.

அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

வண்டி அந்தச் சரிவை விட்டுக் கிளம்பிடுச்சு. இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்னு நான்தான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டிருந்தேன். கோட்டுல துளை போட்டும் பாத்தாச்சு. ஒண்ணும் இல்ல. மணல் நேரா சேத்துமேலயே உக்காந்திருக்கு, கெட்டியா.

அம்மான்னே கூப்பிடட்டும். திருத்தாதீங்க.

நாற்காலியைக் காலி பண்ணிட்டேன். எல்லாத்துக்கும் அடியில குட்டியோட கவுன் ஒண்ணு இருந்தது. போன தடவை கடையில அந்தப் பழைய அளவைத்தான் சொல்லியிருக்கேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறறேன். சகலைகிட்ட சொல்லிடுங்க. குட்டி இங்க வர்றதா, நான் வேலையை அங்க மாத்திக்கிட்டு வர்றதான்னு உக்காந்து பேசலாம்.

என்னை யாருன்னு கேட்டா நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கறேன்.

குட்டியோட அப்பா