மணிக்கு உரியவர்

வெள்ளிக்கிழமை இரவு.

மீன்பிடிக்கும் காசிம் காக்காவின் வலையில் பழைய கப்பல் மணியொன்று சிக்கியதாம். இரும்புக்கடைக்குப் போயிருக்குமோ என்று பயந்து இன்று சாய்ந்தமருதுக்கு ஓடினேன். மணி அவர் வீட்டில்தான் இருந்தது. மார்க்கப்படி, கண்டெடுத்த பொருளை உடனே விற்கக்கூடாதாம். வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் நின்று உரியவரைத் தேடுகிறார்.

"கப்பல்காரன் மௌத்தாகி எத்தினையோ நூறு வருசம், காக்கா. மியூசியத்துக்குக் குடுங்க."

"அடுத்தவன்ட சாமானக் குடுக்க நான் ஆரு, தங்கச்சி?"

எனக்கு எரிச்சல். "அங்க வெச்சா உலகமே வந்து பார்க்கும்!" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப அங்கதான் வைக்கணும். ஆனா பக்கத்தில ஒரு போர்டு போடுங்க: உரியவங்க வந்தா திருப்பிக் குடுப்பம்."

கப்பல் சிதைவுகளை ஆராயும் நான் எந்த மியூசியத்திலும் அப்படியொரு பலகையைக் கண்டதில்லை. நாளைக்கு நானே எழுதப் போகிறேன்.