ஸ்டெல்லா அக்காவின் ஒரு துளி ரத்தம்

செவ்வாய்க்கிழமை, இரவு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

இதயம் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் மைக்ரோவேவ் சென்சார். சாயம் எதுவும் சேர்க்க வேண்டாம். புரதம் வந்து ஒட்டினால் திரையில் கோடு இறங்கும். இன்று அதைப் பார்க்க விருந்தினர்கள் வந்திருந்தார்கள். லேபைத் துடைக்கும் ஸ்டெல்லா அக்காவை, என் ஆய்வு வழிகாட்டியான சார் கூப்பிட்டு, விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார். கோடு சட்டென்று இறங்கியது.

"பார்த்தீங்களா, பிடிச்சிடுச்சு!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவின் முகம் வெளிறிப்போனது.

அவர்கள் கிளம்பியதும் புரதமே இல்லாத வெறும் உப்புநீரை விட்டுப் பார்த்தேன். அதற்கும் கோடு அதே அளவு இறங்கியது. ஏசி காற்று நேராகச் சென்சார் மேல் விழுந்துகொண்டிருந்தது. குளிர்ந்தாலும் கோடு இறங்கும். சாரிடம் ஓடிச் சொன்னேன்.

"சாரமில்லம்மா, பரவால்ல. வந்தவங்க சந்தோஷமாப் போயாச்சு. விடு."

"ஸ்டெல்லா அக்கா, சார்?"

"அவங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப் போறது?"

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து, போனில் மகளிடம் அழுதுகொண்டிருந்தார். உள்ளே கூட்டி வந்து உப்புநீரை விட்டுக் காட்டினேன்.

"அப்போ எனக்கு நெஞ்சில ஒண்ணும் இல்லல்லா, மக்ளே?"

"மெஷின் காட்டினது தப்பு அக்கா."

"அத்தன பேர் முன்னால சொன்னாரே. இனி அவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

அக்காவைக் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். விருந்தினர்கள் எல்லோருக்கும் உப்புநீர் வரைபடத்தோடு இப்போதுதான் மெயில் அனுப்பினேன். சாருக்கும் ஒரு பிரதி. என் ஆய்வேட்டில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் போடட்டும்.