உப்பு ஜாடி

வித்தெக், நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள பஸ்ஸப் புடிக்கணும், நம்ம பொண்ணு இரேனா வீட்டுக்குப் போறேன். பீட்ரூட் சூப் அடுப்புல இருக்கு, சூடு பண்ணிக் குடி. மூணு நாளா என்கிட்ட பேசல, சரி, சூப்பு உன்னை என்ன பண்ணுச்சு?

ஜன்னலுக்குக் கீழ ரெண்டு மஞ்ச வயித்துக் குருவி செத்துக் கிடந்துச்சே, நீ போட்ட பழைய ரொட்டிதான் கொன்னுச்சுன்னு இரேனா முன்னாடியே உன்னைத் திட்டினேன்ல? தப்பு என்னுது. பால்கனில ரெண்டு ஜாடி பன்னிக்கொழுப்பு இருந்துச்சு. உப்புப் போட்டது நமக்கு, உப்பில்லாதது குளிர்ல குருவிக்கு உருண்டை புடிச்சுத் தொங்கவிட. உப்பு குருவிக்கு விஷமாச்சே. இன்னைக்கு ரொட்டில தடவித் தின்னேன், துளி உப்பில்ல. அப்போ நமக்கு வச்ச உப்புக் கொழுப்பத்தான் உருக்கி, விதை கலந்து குருவிக்கு உருண்டை புடிச்சிருக்கேன்!

நீ அன்னைக்கே உருண்டையெல்லாம் கழட்டி எறிஞ்ச. கோவத்துலன்னு நெனச்சேன்.

உப்பில்லாத ஜாடி மேஜைமேல இருக்கு. நீயே உருண்டை புடி, என் கையை எனக்கே நம்பிக்கையில்ல. இரேனாகிட்ட நேர்ல போய்ச் சொல்லிட்டு வரேன்.

இரு, பூட்ஸ் மாட்டுறப்போ அவளே போன் பண்ணிட்டா. சொல்லிட்டேன். "அம்மா, அப்பாவுக்கு அன்னைக்கே தெரியும். உருண்டையை நாக்குல வச்சுப் பாத்தாரு. 'உங்க அம்மாகிட்ட மூச்சு விடாதே, அவ தாங்கமாட்டா'ன்னாரு"ங்கிறா.

தெரிஞ்சுமா அத்தனை திட்டும் வாங்கிட்டு நின்ன, மனுஷா?

பஸ்ஸுக்குப் போகல. வெளிய மாடிப்படிலதான் உக்காந்திருப்பேன். உள்ள வர முகமில்ல. நீ வந்து கூப்பிடு.